ஒன்பதாம் மேசையில் ஒருத்தி

அத்தியாயம் 17

“டிக்கெட்டைக் காட்டுங்க, மேடம்.”

கேட்டவள் மகள். கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றவள் அம்மா.

இரண்டு பேருக்குமே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. காலையில் ஒரே குளியலறைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள் என்று பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அது அந்தக் கப்பலின் விதி. விதியைப் போட்டவர் கப்பலின் கேப்டன். அதாவது, டிக்கெட் கேட்டவளின் அப்பா, டிக்கெட்டைத் தேடியவளின் கணவர்.

‘கப்பலில் கால் வைத்துவிட்டால் யாருக்கும் யாரும் உறவில்லை.’ நாலு வருஷம் முன்னால் மகள் அங்கே சாப்பாட்டு மேசைகளின் மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவர் இதைக் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் அவருக்கு மேடம், அவர் அவளுக்குக் கேப்டன். பழக்கதோஷத்தில் வீட்டிலும் ஒன்றிரண்டு முறை “உப்பை எடுங்க, கேப்டன்” என்றிருக்கிறாள். அவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பல் லேப் முதலாளி போன வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது நினைவிருக்கும். பல் செட் செய்கிற அந்த லேப்பில் பத்தொன்பது வருஷமாக மெழுகில் பல் அடுக்குகிறவள் அம்மா. ரயிலில் ஒன்பது மணி நேரம் போனால் வருகிற இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். “நீங்கதான் வந்து நடத்தணும். தங்கறதுக்கு மாடியிலேயே இடம் இருக்கு. வியாழக்கிழமை மூணு மணிக்குள்ள சரி, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்கு மேல போனா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்” என்றார் முதலாளி.

இன்றைக்கு வியாழக்கிழமை.

இதைக் கணவரிடம் சொல்ல அம்மா நாலு நாள் முயன்றுவிட்டாள். விடிவதற்குள் கிளம்பிப் போய், ராத்திரி எட்டரைக்குத் திரும்பி வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிற ஆசாமி அவர். சீசன் தொடங்கிவிட்டால் ஏழு நாளும் கப்பல் உண்டு, லீவு என்ற பேச்சே இல்லை. ஒருநாள் அம்மா முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’முக்கே அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, “நேத்து என்னமோ சொன்னியே, குழாய் ரிப்பேரா?” என்று கேட்டாரே பார்க்கலாம்.

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை கிடையாது. சண்டை போடுவதற்காவது இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். மகளும் கப்பல், கணவரும் கப்பல். லேப்பிலிருந்து ஐந்து மணிக்கு வந்தால், அம்மாவுக்குத் துணை அந்த நாலு சுவர்தான். தனக்குத் தானே பேசிக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, பதிலும் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

கப்பலுக்கு வரச் சொன்னது மகள்தான்.

“பன்னிரண்டு மணிக்கு ஆத்து வளைவுல நங்கூரம் போடுவாங்க. அப்பா கீழ இறங்கி வந்து மேசை மேசையா வணக்கம் சொல்லுவாரு. அந்த ஒரு மணி நேரம்தான் அவர் நல்லா முழிச்சிருக்கற நேரம். அங்க வந்து சொல்லும்மா.”

“கட்டின புருஷன்கிட்ட பேச டிக்கெட் வாங்கணுமாடி?”

“வாங்கிட்டேன்.”

இப்படித்தான் அம்மா வந்து சேர்ந்தாள், அவர் அந்தக் கப்பலுக்குக் கேப்டனான பதினோரு வருஷத்தில் முதல் முறையாக. வீட்டில் அந்தக் கப்பலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ‘என் சக்களத்தி’. உள்ளே போய்ப் பார்த்ததும், சக்களத்தி இவ்வளவு அழகாக இருப்பாள் என்று எதிர்பார்க்காததால் கொஞ்சம் வாயடைத்துப் போனாள்.

மூன்று தளம். மேல் தளத்துக்குக் கண்ணாடிக் கூரை. கால் புதைகிற கம்பளம், தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கிற பித்தளைக் கைப்பிடி, ஒவ்வொரு மேசையிலும் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, மூலையில் பியானோ வாசிக்கிற ஒருவர். காலையில் கிளம்பி ஆற்றோடு மேலே போய், சாப்பாடு போட்டு, சாயங்காலம் இறக்கிவிடுகிற கப்பல். ஜன்னலுக்கு வெளியே கரை ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் தினமும் பார்த்துவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் தூக்கம் வருவதில் ஆச்சரியம் என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் மேசை மேல் தளத்தின் ஓரத்தில், ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. மேலே கேப்டன் அறையிலிருந்து இறங்குகிற படி அதன் பக்கத்தில்தான் முடிகிறது. ஒரே ஒரு நாற்காலிக்கு முன்னால் தட்டு வைத்திருந்தார்கள். எதிர் நாற்காலி சும்மா இருந்தது. மற்ற மேசைகளில் நாலு பேர், ஆறு பேர், குழந்தை குட்டிகள். அம்மா தொழில் புத்தியில் எல்லோருடைய பல்லையும் பார்த்து நேரத்தைப் போக்கினாள். ‘அந்தப் பெரியவருக்கு மேல் செட்டு நிறம் ரொம்ப வெளுப்பு. யார் செஞ்சதோ, கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சிருக்காங்க.’ சொல்லிச் சிரிக்கத்தான் எதிரே ஆள் இல்லை.

இந்தக் கப்பலில் மேசைச் சீட்டு என்று ஒன்று உண்டு. தினமும் பதினொன்றரைக்கு அதை எழுதிக் கேப்டனுக்கு அனுப்புவது மகளின் வேலை. நாலாம் மேசை, பிறந்தநாள். பதினேழு, கல்யாண நாள். முப்பது, புதுசாக டாக்டருக்குப் படித்து முடித்த பையன். கேப்டன் அதைப் படித்துவிட்டு இறங்கினால், ஒவ்வொரு மேசையிலும் அவர்களைத் தனக்கு முன்பே தெரியும் என்பது போல இரண்டு வார்த்தை பேசுவார். ஜனங்கள் பூரித்துப் போவார்கள். ஐம்பது நிமிஷத்தில் நாற்பத்திரண்டு மேசை.

இன்றைக்குச் சீட்டு எழுதும்போது ஒன்பது என்ற எண்ணுக்கு எதிரே பேனா நின்றது. என்ன எழுதுவது? ‘உங்கள் மனைவி’ என்றா? கட்டின பெண்டாட்டியை அடையாளம் தெரிந்துகொள்ள ஒருவருக்குச் சீட்டு வேண்டுமா என்ன? அவர் திடுக்கிட்டுப் போவதைத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்தது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுச் சீட்டை அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு அடித்தது. நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கியது.

வெள்ளை உடுப்பு, கக்கத்தில் தொப்பி. கேப்டன் படியிறங்கி வந்தார். முதல் மேசையே ஒன்பதுதான். அம்மாவுக்கு, பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த மாதிரி கை வியர்த்தது. மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்து போனது. பாதி எழுந்தாள்.

“உங்ககிட்ட ஒரு விஷயம்...”

அவர் குனிந்து வணங்கினார். அவளுக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் ஆற்று வெயில் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கி, மேசை மேலிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, அவள் பத்து வருஷமாகக் கேட்டிராத ஒரு குரலில், மெதுவாக, மிருதுவாகச் சொன்னார்.

“உக்காருங்க. நிதானமா சாப்பிடுங்க. ஆறு இன்னைக்கு உங்களுக்காகத்தான் இவ்வளவு அமைதியா இருக்கு.”

சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் என்ன பேசினார் என்பது அம்மாவுக்குக் கேட்கவில்லை. பியானோதான் கேட்டது.

கால் மணி நேரம் கழித்து மகள் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

அம்மாவின் முகம் சிவந்திருந்தது. “உங்கப்பா லேசுப்பட்ட ஆளு இல்லடி. விதியை விடலை பாரு. யாரோ எவரோ மாதிரி நின்னு, ஆனா என்ன சொன்னாரு தெரியுமா? ஆறு எனக்காகத்தான் அமைதியா இருக்காம். இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலேருந்து வந்ததில்லை.”

“வேலை விஷயம் சொன்னியா?”

“சொல்ல விட்டாத்தானே. பரவாயில்ல. இனிமே அது எதுக்கு? நான் அங்க போய் என்ன பண்ணப் போறேன்? நிதானமா சாப்பிட்டுட்டு, முதலாளிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்.”

மகளுக்கு உள்ளே எங்கேயோ லேசாக இடறியது. அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அப்பா வேண்டுமென்றே விளையாடியிருக்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரு கோப்பைத் தேநீரை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அவரைக் கொஞ்சம் சீண்ட வேண்டும்.

மேலே கேப்டன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சுக்கான்காரர் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி ஒன்று.

“ஒன்பதாம் மேசைக்குப் போனீங்களா, கேப்டன்?”

“எல்லா மேசைக்கும்தான் போனேன், மேடம்.” தேநீரை ஊதினார். “ஒன்பதுன்னா, தனியா ஒரு அம்மா. அதுக்கு நேரே நீங்க சீட்டுல ஒண்ணுமே எழுதலையே? பிறந்தநாளா என்னன்னு தெரியல. கூட ஒருத்தரும் இல்ல. என்னமோ சொல்ல வந்தாங்க. பாவம், யாருகிட்டயாவது நாலு வார்த்தை பேசணும்னு இருந்திருக்கும். நான் நின்னா மத்த மேசைக்கு நேரமாயிடும். நல்ல கேக்கா பார்த்து ஒரு துண்டு, என் பேருல அனுப்பிடுங்க.”

கப்பல் நங்கூரம் போட்டுத்தான் நிற்கிறதா என்று மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அப்பா” என்றாள்.

அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவர் கண்டிக்க வாயெடுத்தார்.

“அது அம்மா.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மா.”

சுக்கான்காரர் ஆற்றை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறவர் போல வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கேப்டன் கோப்பையை வைக்க இடம் தேடி, கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அவளுக்கு முடி...” என்றார். “அந்தம்மாவுக்கு முடி குட்டையா இருந்துச்சே.”

“வெட்டி மூணு வாரம் ஆச்சு.”

அவர் மூன்று வாரத்தை நாள் நாளாகப் பின்னோக்கிப் போய்த் தேடுகிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எதுவும் கிடைக்கவில்லை போலும்.

மகள் எல்லாவற்றையும் சொன்னாள். லேப், புதுக் கிளை, மூன்று மணிக் கெடு, குழாய் ரிப்பேர் வரைக்கும்.

“நான் இப்பவே கீழ வரேன்” என்று எழுந்தவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஒன்றேகாலுக்கு நங்கூரம் தூக்க வேண்டும். திரும்புகிற வழியில் மணல் திட்டுகள். வாரத்துக்கு வாரம் இடம் மாறுகிற திட்டுகள். அதைத் தாண்டும்வரை கேப்டன் அந்த அறையை விட்டு நகரக் கூடாது. முந்நூறு பேர் கப்பலில் இருக்கிறார்கள்.

“மூணேகால் ஆயிடும்” என்றார்.

“மூணு மணிக்குள்ள அம்மா சொல்லியாகணும்.”

“ரொம்ப வருத்தப்பட்டாளா?”

“இல்ல. சந்தோஷமா இருக்கா. நீங்க விதிக்காகத்தான் தெரியாத மாதிரி நடந்துக்கிட்டீங்கன்னு நினைச்சுட்டிருக்கா. வேலை வேண்டாம்னு சொல்லப் போறா.”

அவர் முகத்தில் சட்டென்று உயிர் வந்தது. மகள் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“அப்ப அப்படியே இருக்கட்டும்மா. நீ பொய் சொல்ல வேண்டாம். சும்மா இரு, போதும். சாயங்காலம் நான் பேசிச் சரி பண்ணிக்கறேன். அவ போயிட்டா வீட்டுல யாரு இருக்கா?”

“இப்ப யாருப்பா இருக்கா?”

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிட்டாள்.

மற்ற மேசைகளைக் கவனித்துவிட்டு அவள் கேக்கைத் தட்டில் எடுத்து வைக்கும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. சாக்லேட் கேக், பக்கத்தில் ஒரு செர்ரிப் பழம், ‘கேப்டனின் அன்புடன்’ என்று அச்சடித்த அட்டை. தனியாக வருகிறவர்களுக்கு இப்படி எத்தனையோ தட்டுகளை அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அம்மா இங்கேயே இருப்பாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், தொலைக்காட்சியைத் திட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். அது இல்லாத வீட்டை மகளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. துணை இல்லாதது அம்மாவுக்கு மட்டும் இல்லை. தனக்கும் யார் இருக்கிறார்கள்?

கப்பல் அசைந்து கிளம்பியிருந்தது. பயணிகள் சாப்பிட்டு முடித்துப் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் கண் விரிந்தது.

“இது நான் கேட்கலையே.”

“கேப்டன் அனுப்பினாரு.”

“இங்க பாரேன்.” அட்டையை எடுத்து, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அசடு வழியச் சிரித்தாள். “வீட்டுக்கு வந்ததும் அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லணும்டி. தூங்கறதுக்குள்ள.”

மகள் பயணிகளின் மேசையில் உட்காரக் கூடாது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்த வார்த்தையை அவர் நாப்பத்திரண்டு மேசைக்கும் சொல்லுவாரு. தினமும் சொல்லுவாரு.”

“சொல்லட்டுமே. எனக்கும் சொன்னாருல்ல.”

“அவர் உன்னைப் பார்க்கலம்மா.”

“என்னடி உளர்றே? இதோ, இங்கதானே நின்னாரு.”

“நின்னாரு. நீன்னு தெரியல அவருக்கு.”

அம்மாவின் கையில் கரண்டி, கரண்டியில் கேக். கொஞ்ச நேரம் அதை என்ன செய்வது என்று தெரியாதவள் போல இருந்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்று விழுங்கினாள்.

“அப்ப இந்த கேக்கு?”

“தனியா வந்தவங்களுக்குக் கொடுக்கச் சொல்லுவாரு.”

“அப்ப சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கு.”

கோபத்தில் சொல்லவில்லை அவள். அதனால்தான் மகளுக்கு அழுகை வந்தது. அம்மாவும் அழுதாள், கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், கஞ்சி போட்ட துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டு.

“அவருக்கு மேல் வரிசையில ஒரு பல்லு ஓரத்துல உடைஞ்சிருக்கு” என்றாள் பிறகு. “சிரிச்சப்ப பார்த்தேன். எப்ப உடைஞ்சுது?”

“போன வருஷம். கயிறு அறுந்து கொக்கி பட்டுது.”

“ஊர்ல இருக்கறவங்க பல்லையெல்லாம் பார்க்கறேன். இது எனக்குத் தெரியாது பாரு. அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?”

“மூணேகாலுக்கு அப்பா கீழ வந்துடுவாரும்மா. பேசிட்டு முடிவு பண்ணேன். முதலாளிகிட்ட அரை மணி நேரம் கூடக் கேளு.”

“வந்து என்ன சொல்லுவாரு? மன்னிச்சுக்கோன்னு சொல்லுவாரு. நானும் சரிம்பேன். நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பிடுவாரு. நான் மறுபடியும் சுவத்துகிட்ட பேசிட்டிருப்பேன்.” தட்டைத் தள்ளி வைத்தாள். “உன்னை விட்டுட்டுப் போறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. லீவு கிடைக்கறப்ப வருவியா?”

மகள் தலையாட்டினாள்.

அம்மா போனை எடுத்துக் காதில் வைத்தாள். மணி இரண்டேமுக்கால்.

“நான்தாங்க பேசறேன். ஆமா, யோசிச்சுட்டேன். எந்தத் தேதி வந்து சேரணும்? திங்கட்கிழமையா? சரிங்க. வந்துடறேன்.”

வைத்துவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை எழுந்து, ஏதோ கேட்டு அழுதது. கப்பல் மணல் திட்டுகளுக்கு நடுவே ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

“இறங்கறப்ப கேப்டன் வாசல்ல நிப்பாரா?”

“நிப்பாரும்மா. இறங்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொல்லி அனுப்புவாரு. நீ வேணா பின்பக்கமா, ஊழியர் வழியில இறங்கிடறியா? யாரும் பார்க்க மாட்டாங்க.”

அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்து, வெட்டின முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

“எதுக்கு? டிக்கெட் வாங்கிட்டுதானே வந்தேன். நானும் வரிசையிலேயே வரேன்.”